மரத்தைக் காட்டாத விருந்து

நாசிக் போய்த் திரும்பிய மும்பை நண்பர் ஒருவர் டெலிபோனில் அரை மணி நேரம் விடாமல் பேசினார். திராட்சைத் தோட்டத்தின் வரிசைகளுக்கு நடுவே நடந்தாராம். பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறையில் நின்றாராம். ஐந்து கோப்பைகளில் ஐந்து விதமான ஒயினை ஊற்றி, எப்படி முகர வேண்டும், எப்படி நாக்கில் உருட்ட வேண்டும் என்று ஒரு இளைஞர் பாடம் நடத்தினாராம். மாலையில் தண்ணீரைப் பார்த்தபடி விருந்து. "எல்லாம் ரொம்ப கௌரவமா இருந்தது" என்று முடித்தார். பிறகு அந்தக் கேள்வி: "உங்க ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது இருக்கா?"

என் ஊர் தக்கலை. அங்கே ஒயின் இல்லை. மரத்தின் பாளையைச் சீவினால் சொட்டும் ஒரு பானம் உண்டு. அதைப் புளிக்க விட்டால் தமிழ்நாட்டில் குற்றம். சுமார் 55 கிலோமீட்டர் மேற்கே போனால் அதுவே லைசென்ஸ் பெற்ற தொழில், பத்திரிகைகளில் படம் போட்டுப் புகழப்படும் சுற்றுலா. "திருவனந்தபுரம் வாங்க. சனி, ஞாயிறு போதும்" என்றேன். மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எந்த நல்ல காரியத்தையும் பழவங்காடியில் தொடங்குவது திருவனந்தபுரத்து வழக்கம். நாங்கள் தொடங்கப்போவது அவ்வளவு நல்ல காரியமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இருந்தாலும் போனோம். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் தேங்காய் வியாபாரம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுதான் பிரதான வழிபாடு. பரீட்சை, வேலை, வீடு, கல்யாணம் என்று ஆளுக்கொரு வேண்டுதல். காய்கள் கல்லில் மோதிச் சிதறும் சத்தம் காலையிலிருந்து ஓய்வதில்லை.

கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம் என்றதும் நண்பர் நம்பவில்லை. திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகர் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரமாக இருந்த காலத்தில், அங்கே காவல் இருந்த நாயர் படை வீரர்கள் வணங்கிய பிள்ளையார் இவர். 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையும் வந்தது, படையோடு பிள்ளையாரும் வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் படை மெட்ராஸ் ரெஜிமெண்டில் இணைந்தது. கோயிலும் ராணுவத்தின் பொறுப்பில் வந்தது. ஆக, பிள்ளையாரும் நானும் ஒரே ஊர்க்காரர்கள். அவர் 1795-ல் வந்தார், நான் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்தேன்.

பழவங்காடி என்றால் பழைய அங்காடி. அதன் பக்கத்தில் புது அங்காடியாக எழுந்து, இப்போது அதுவும் பழையதாகிவிட்ட கடைத்தெரு சாலை. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய பஜார் இது. இங்கே தமிழுக்குப் பஞ்சமே இல்லை. வெற்றிலை, வெங்காயம், பித்தளை, பூ என்று எதை விசாரித்தாலும் தமிழில் விலை சொல்லும் ஒருவர் இருப்பார். இதே தெருவில் கடை வைத்துக்கொண்டே கதை எழுதியவர் ஆ. மாதவன். சுமை தூக்குபவர்களும் வண்டிக்காரர்களும் சின்ன வியாபாரிகளும் அவர் கதைகளில் நடமாடினார்கள். 2015-ல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2021-ல் காலமானார்.

மத்தியானச் சாப்பாடு சாலைக்குள்ளேயே. கெத்தேல் சாகிபின் கடை என்று ஊரே சொல்லும் ரஹ்மானியா ஹோட்டல். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் உள்ள 'சோற்றுக்கணக்கு' கதையைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே தொண்டை அடைக்கும். சாப்பிட்டவரிடம் காசு கேட்காத, உண்டியலில் போட்டதைப் போடட்டும் என்று விட்டுவிட்ட ஒரு மனிதரைப் பற்றிய கதை அது. இன்று பில் உண்டு. கூட்டமும் உண்டு. சின்னக் கோழியை மசாலாவோடு மொறுமொறுவென்று பொரித்து, அந்தப் பொரித்த மசாலாத் தூளையும் மேலே தூவித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சப்பாத்தி, நடுவே ஒரு எலுமிச்சை ஜூஸ். மும்பைத் தம்பதியர் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள்.

மாலைக் காப்பிக்குத் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய சிவப்புச் செங்கல் சுருள். மாடிப்படி என்று தனியாக ஒன்று இல்லை. சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையை ஒட்டியே மேஜைகள். ஏறிக்கொண்டே இருக்கலாம், இடம் கிடைத்ததும் உட்காரலாம். விசிறித் தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள். வேலை இழந்த காபி ஹவுஸ் ஊழியர்களை ஐம்பதுகளில் ஒன்று திரட்டிச் சங்கம் அமைக்க வைத்தவர் ஏ.கே. கோபாலன். காப்பி சுமார்தான். ஆனால் பரிமாறுபவரே பங்குதாரர் என்பது அந்தக் காப்பிக்கு ஒரு தனி ருசி.

இவ்வளவும் முன்னுரை. நாசிக்குக்கு நான் சொன்ன பதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான்.

நகரத்துக்கு வெளியே, காயலோரம் ஒரு கள்ளுக்கடை. பெயர் வேண்டாம். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, ஒரு லைசென்ஸ் நம்பர், ஓலைத் தடுப்பு, பின்னால் குடும்பத்தோடு வருபவர்களுக்குத் தனி அறைகள். "நான் உள்ளே வரலாமா?" என்று நண்பரின் மனைவி வாசலில் நின்று கேட்டார். ஒரு தலைமுறைக்கு முன் என்றால் கூடாது. இப்போது அடுத்த அறையில் ஒரு பாட்டி, பேரக்குழந்தைகளோடு மீன் முள்ளை ஆய்ந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். வேகவைத்து மசித்த மரச்சீனி. குடம்புளி போட்டு முதல் நாளே வைத்த, மண்சட்டியில் செக்கச்செவேலென்று கிடந்த மீன் கறி. வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன். தேங்காய்ச் சில்லு போட்டு வறட்டிய கக்கா இறைச்சி. மிளகு தூக்கலான தாறாவு. மரச்சீனி இங்கே வந்தேறிப் பயிர். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்ப முனைந்தார். அரிசி இல்லாத காலங்களில் திருவிதாங்கூரைக் காப்பாற்றிய கிழங்கு இன்று மெனு கார்டில் ராஜபோஜனம். மறுநாள் நினைத்தாலும் நாக்கில் ஊறும் சாப்பாடு. கள்ளை மறைக்க வந்த தொடுகறி, கள்ளையே மறக்கடித்துவிட்டது.

பிறகு கள் வந்தது. ஒரு குப்பி, மூன்று டம்ளர். வெண்மையாக, நுரை கட்டி. நண்பர் நாசிக்கில் கற்றபடி முகர்ந்தார், நாக்கில் உருட்டினார். "ரொம்ப இனிப்பா இருக்கே" என்றார். நானும் ஒரு மிடறு குடித்தேன். இனிப்புக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்தவரை பாளையில் அது இல்லை. அன்று இரவு தலைவலி இருவருக்கும் பொது.

நண்பர் பரிமாறியவரைக் கூப்பிட்டார். கோபமாக எதுவும் இல்லை. நாசிக் பழக்கத்தில், ஆர்வமாகவே கேட்டார்: "இது எந்த மரம்? பார்க்கலாமா?"

பரிமாறியவர் சிரித்தார். "மரமா சாரே? வண்டியில வருது" என்றார்.

அந்த வண்டியின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் கள்ளுக்கடைச் சுற்றுலாவைப் புரிந்துகொள்ள முடியாது. கேரளத்தின் பல மாவட்டங்களில் கடை இருக்கிறது, தென்னை இருக்கிறது, ஏற ஆள் இல்லை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பக்கம், நம் பொள்ளாச்சியை ஒட்டிய தோப்புகளில் இறக்கிய கள்தான் வண்டிகளில் ஏறி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. அங்கிருந்து திருவனந்தபுரம் 300 கிலோமீட்டருக்கு மேல்.

ஒயினுக்கு இந்தப் பயணம் பிரச்னை இல்லை. அது வைக்க வைக்க விலை கூடும் சரக்கு. கள் நேர் எதிர். பாளையிலிருந்து கலயத்தில் விழும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். விடிகாலையில் இளநீர் மாதிரி இனிக்கும். மத்தியானம் வாலிபம். மாலையில் மூப்பு. மறுநாள் காடி. ஒரே நாளில் ஒரு ஆயுள் முடிந்துவிடும் பானத்தை வண்டியில் ஏற்றி, கணக்குப் பார்த்து, கடைகளுக்குப் பிரித்து அனுப்பும்போது, இறக்கிய அளவுக்கும் விற்ற அளவுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத் தண்ணீரும் சர்க்கரையும் நிரப்பினால் தலைவலியோடு போகும். வேறு எதுவோ நிரப்பினால் உயிரோடு போகும். 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் விஷக் கள் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னங்கள்ளில் ஆல்கஹால் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கேரளம் வரம்பு வகுத்திருப்பது இப்படிப்பட்ட கலப்படப் பயத்தால்தான். அதைவிடக் கூடுதல் என்றால் கலப்படச் சந்தேகம்.

கடைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு தோப்பில் உண்மையிலேயே கள் இறக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தோம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இடுப்பில் அரிவாள், முழங்காலுக்குக் கீழே தோல் மரத்துப்போன கால்கள். தென்னை பன்னிரண்டு. காலையிலும் மாலையிலும் கள் எடுக்க ஏற வேண்டும், நடுவே பாளையைத் தட்டிச் சீவிவிட இன்னொரு முறை. ஒரு நாளைக்கு முப்பத்தாறு ஏற்றம், முப்பத்தாறு இறக்கம். மழையானாலும் ஞாயிறானாலும் ஒரு வேளை தவறினால் பாளை கெட்டுவிடும். மகன்? "கல்ஃபில." பேரன் ஏறுவானா? அவர் பதில் சொல்லாமல் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

நண்பரின் மனைவி ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கடையில நீங்க எப்பவாவது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்ல மோளே" என்றார் அவர். "அங்க இப்ப வில கூடுதல்."

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. என் தாத்தா பனையேறி. தென்னையைப் போல வளைந்து கொடுக்காது பனை. வருஷத்தில் பாதி அவர் மரத்தின் மேலேதான் இருந்தார். அவர் இறக்கியது கள் இல்லை, அக்கானி. மற்ற ஊர்களில் பதனீர் என்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. காய்ச்சினால் கருப்பட்டி, சட்டத்துக்கு உட்பட்ட தொழில். தடவாவிட்டால் கள், கேஸ். ஒரு விரல் சுண்ணாம்பு அளவுதான் தாத்தாவுக்கும் சிறைக்கும் தூரம். கலயத்தை முகர்ந்து பார்க்க வந்தவர்களின் கதையைப் பாட்டி சாகும்வரை சொன்னார். தாத்தா ஒரு மழைக்காலத்தில் பனையிலிருந்து விழுந்து இறந்தார். என் அப்பா வாத்தியார் ஆனார். வீட்டில் கள் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தமிழ்நாடு அரசு 1987 ஜனவரி முதல் தேதி கள்ளைத் தடை செய்ததற்கு வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டில் தடை அமலுக்கு வந்துவிட்டது.

அப்பாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கள்ளால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள்தான் கள்ளை எதிர்த்தார்கள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துச் செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, கள் இறக்குவதையும் ஒரு தொழிலாகக் கொண்ட ஈழவ சமூகத்தில் பிறந்தவர். மதுவைச் செய்யாதே, கொடுக்காதே, குடிக்காதே என்று அந்தச் சமூகத்துக்கே சொன்னார். ஒத்துழையாமை இயக்க நாட்களில் பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். இவர்கள் யாரும் மரமேறியைக் கேவலமாக நினைத்தவர்கள் இல்லை. மரத்திலிருந்து அவனை இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நினைத்தவர்கள்.

ஆனால் அதற்கப்புறம் நடந்தது என்ன? தமிழ்நாட்டில் கள் போனது, குடி போகவில்லை. 2003 முதல் அரசே சில்லறைக் கடை திறந்து 42.8 சதவீத ஆல்கஹாலைப் பாட்டிலில் விற்கிறது. அதைவிட மிகக் குறைந்த ஆல்கஹால் உள்ள கள்ளை இறக்கினால் கைது. கலப்படத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அரசுத் தரப்பின் வாதம். கேரளத்தின் 2010-ஐப் பார்த்தால் அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தடையை நீக்கு என்று கள் இயக்கத்தின் செ. நல்லசாமி ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார். பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம். மரத்துக்குப் பட்டம் உண்டு, ஏறுபவனுக்குப் பயம்.

கேரளம் தேர்ந்த வழி வேறு. சாராயத்தை 1996-ல் தடை செய்தது. 2014-ல் ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் தவிர மற்ற பார்களை மூடியது. 2017-ல் மீண்டும் கதவைத் திறந்தது. இத்தனை திருப்பங்களிலும் கள்ளை மட்டும் விடவில்லை. தொழிலாளிகளுக்கு 1969-லேயே சட்டப்படி சேமநிதி வந்தது. 2022-ல் பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கச் சிறு ஆலைகளுக்கும் விதிகள் போட்டார்கள். இனி முந்திரிப்பழத் தோட்டத்திலும் அன்னாசித் தோட்டத்திலும் நாசிக் பாணியில் ஐந்து கோப்பை நீட்டும் இளைஞர்கள் வரலாம். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கேயும் வாரக் கடைசிக் கார்கள் வரட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

என் கேள்வி ஒன்றே ஒன்று. நாசிக் எப்படி கௌரவமாயிற்று? 1999-ல் தொடங்கிய சுலா நிறுவனமும் அதன் பின்னே வந்தவர்களும் விற்பது வெறும் பாட்டிலை இல்லை. முதலில் கொடியைக் காட்டுகிறார்கள். இந்த மண், இந்தப் பழம், இந்த வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையை நீட்டுகிறார்கள். குடிப்பவருக்கு நம்பிக்கை வருகிறது. விளைவித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. நம் கள்ளுக்கடைச் சுற்றுலாவோ மேஜையில் தொடங்கி மேஜையிலேயே முடிந்துவிடுகிறது. மீன் கறிக்குப் புகழ், சமையல்காரருக்குப் பேட்டி, காயலுக்குப் போட்டோ. மரம் எங்கே, ஏறியவர் யார் என்று கேட்டால் சிரிப்பு.

விருந்தை மரத்தடியில் தொடங்கட்டும். கடைக்கு எத்தனை மரம், எந்தத் தோப்பு, இன்று காலை ஏறியவர் யார் என்று லைசென்ஸ் நம்பருக்குக் கீழே ஒரு பலகையில் எழுதட்டும். அங்கே இறக்கியதை அங்கேயே விற்கட்டும். தீர்ந்துவிட்டால், தீர்ந்துவிட்டது என்று சொல்லட்டும். பலகையில் உள்ள மரக் கணக்கை எண்ணிப் பார்க்க லேபரட்டரி வேண்டாம், யாரும் பார்க்கலாம். கலப்படக்காரனுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. கரிமீனுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கும் சுற்றுலாக்காரன், முப்பத்தாறு முறை ஏறியவருக்கு நியாயமான பங்கு கொடுக்க மாட்டானா? இது கேரளத்தில் நடந்து காட்டினால், கட்டுப்படுத்த முடியாது என்ற தமிழ்நாட்டு வாதத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும். முடியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது அப்பா சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டுவிடலாம்.

திங்கட்கிழமை காலை மும்பைத் தம்பதியரை தக்கலை வீட்டுக்கு அழைத்துப்போனேன். அம்மா சுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். எங்கே போனோம் என்று சொல்ல வேண்டாம் என நான் கண்ணைக் காட்டியும், நண்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடை, குப்பி, தலைவலி, பன்னிரண்டு மரக்காரர் உட்பட. எண்பத்திரண்டு வயது அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பனைநாரில் முடைந்த, அடி தேய்ந்த ஒரு அரிவாள் பெட்டி. இந்த வீட்டில் அது இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"கள்ளப் பத்திப் பேசுதவன் எல்லாம் குடிக்கவனப் பத்தித்தான் பேசுதான்" என்றார். "ஏறுதவனப் பத்தி எவன் பேசுதான்?"

நண்பரின் மனைவி பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்று ஒரு மணி நேரம் அப்பா தாத்தாவைப் பற்றிப் பேசினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.